வெயில் ஏறினால் விழும் லிங்க்: 92 மீட்டர் கேபிளில் ஒரு பி.ஓ.இ. விசாரணை

காலையில் விழாது, இரவிலும் விழாது. நல்ல உச்சி வெயிலில், எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரமாகப் பார்த்து விழும். இரண்டு நிமிடத்தில் தானாக எழுந்துகொள்ளும். சில நாள் எழுந்த கையோடு மறுபடி விழும். எங்களிடம் வந்து சேர்ந்தபோது இந்தப் பிரச்சினைக்கு வயது ஐந்து வாரம்.

அமைப்பு ஒன்றும் சிக்கலானதில்லை. ஒரு கிடங்கு வளாகம். தரைத்தளத்தில் நெட்வொர்க் அறை, அதில் ஒரு ஸ்விட்ச், பக்கத்தில் 24 வோல்ட் பேசிவ் பி.ஓ.இ. இன்ஜெக்டர். பி.ஓ.இ. என்றால் டேட்டா போகும் ஈதர்நெட் கேபிளிலேயே கரண்ட்டையும் அனுப்புவது; அந்தக் கரண்ட்டைக் கேபிளில் ஏற்றும் பெட்டிதான் இன்ஜெக்டர். அங்கிருந்து கிளம்பும் கேட் 5இ தர நெட்வொர்க் கேபிள் வெளிச்சுவரில் ஏறி, தகரக் கூரையின் மேல் நெடுக ஓடி, மறுகோடியில் நிற்கும் கம்பத்துக்குப் போகிறது. கம்பத்தில் ஒரு வயர்லெஸ் பிரிட்ஜ் ரேடியோ. அதன் ஜோடி, 600 மீட்டர் தள்ளி எடைமேடை அலுவலகத்தில். எடை போட்ட விவரம் முழுவதும் இந்த லிங்க் வழியாகத்தான் சர்வருக்கு வருகிறது. லிங்க் விழுந்தால் லாரி நகராது.

நாங்கள் போவதற்கு முன்பே பலர் கைவைத்திருந்தார்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தார்கள். இடைஞ்சல் இருக்கும் என்று சேனலை மூன்று முறை மாற்றினார்கள். ரேடியோவையே கழற்றிப் புதிது மாட்டினார்கள். அதுவும் அதே மாதிரி விழுந்தது. கடைசியாக ஒருவர் கிட்டத்தட்ட சரியான இடத்தில் கைவைத்தார். பவர் போதவில்லை என்று யூகித்து, 1 ஆம்பியர் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் இன்ஜெக்டர் போட்டார். யூகம் சரி, மருந்து தப்பு. இன்ஜெக்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், அது அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. குழாய் குறுகலாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்?

எனக்கு முதலில் உறுத்தியது ரேடியோவின் பதிவுகள். ஒவ்வொரு முறை எழும்போதும் கடிகாரம் 1970 ஜனவரி 1-லிருந்து தொடங்கி, நேர சர்வரைப் பிடித்த பிறகு சரியான தேதிக்குத் தாவுகிறது. உள்ளே பேட்டரி கடிகாரம் இல்லாத கருவிகளில் இது சகஜம்தான். ஆனால் விழுவதற்கு முந்தைய வரியில் எந்தப் புகாரும் இல்லை. மென்பொருள் தடுமாறி ரீபூட் ஆனால் பெரும்பாலும் ஏதாவது ஒரு முனகல் பதிவாகும். இது பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்தியதுபோல நின்றிருந்தது. கரண்ட் போனால்தான் அப்படி நிற்கும்.

இரண்டாவது, விழுந்த நேரங்கள். எடைமேடையில் இருந்தவர் ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருந்தார். இந்த வழக்கில் அந்த நோட்டுதான் ஆகச் சிறந்த கருவி என்பேன். மேகம் மூடிய நாட்களில் ஒரு பதிவுகூட இல்லை. விடுமுறை நாளில் வெயில் கொளுத்தியும் விழவில்லை. லாரி வராத நாள், லிங்க்கில் வேலையே இல்லை. இரவு நேரத்தில் பேக்கப் ஓடி லிங்க் நிரம்பி வழிந்தபோதும் விழவில்லை. ஆக வெயில் மட்டும் இருந்தால் போதாது, டிராஃபிக் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும்.

லோடு இல்லாத 24 வோல்ட்

என்னோடு வந்த தம்பி கம்பத்தில் ஏறி, ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துவிட்டுக் கத்தினான்: "அண்ணே, மேலயும் இருபத்துநாலு காட்டுது. கேபிள்ல ஒண்ணும் இல்ல."

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழி தவறுகிறார்கள். ஐந்து வாரமாக வந்தவர்களும் இதையேதான் அளந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ரேடியோவைக் கழற்றிவிட்டால் கேபிளில் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் மின்தடை எவ்வளவு இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. மல்டிமீட்டர் இழுப்பது ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சொற்பம். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு முடி மாதிரிக் கம்பியை இழுத்து அளந்தாலும் அது 24 என்றுதான் காட்டும்.

பையில் எப்போதும் ஒரு 47 ஓம், 10 வாட் வயர்வூண்டு ரெசிஸ்டர் வைத்திருப்பேன். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப். விலை மலிவு, பார்க்க அசிங்கம். பேசிவ் பி.ஓ.இ.யில் 4, 5 பின்கள் பாசிட்டிவ், 7, 8 பின்கள் நெகட்டிவ். ஒரு சாக்கெட்டிலிருந்து அந்த நாலையும் வெளியே இழுத்து ரெசிஸ்டரோடு இணைக்கச் சொன்னேன். இப்போது அளந்தால் 19.0 வோல்ட். ரெசிஸ்டர் கொஞ்ச நேரத்தில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அதுவும் ஒரு நல்ல அடையாளம். உண்மையாகவே கரண்ட் ஓடுகிறது.

கணக்கு எளிது. 47 ஓமின் மேல் 19 வோல்ட் நிற்கிறது என்றால் கரண்ட் 0.404 ஆம்பியர். வழியில் தொலைந்தது 5 வோல்ட். 5-ஐ 0.404-ஆல் வகுத்தால் கேபிளின் போகவர மின்தடை 12.4 ஓம். சந்தேகத்துக்கு, மேல் முனையில் நாலு பின்களையும் ஷார்ட் செய்துவிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றி, கீழே ஓம் மீட்டர் வைத்தும் பார்த்தோம். மீட்டரின் வயரில் இருக்கும் தடையைக் கழித்தால் அதே 12.4.

எவ்வளவு இருக்க வேண்டும்? கேபிளின் உறையில் மீட்டர் எண்கள் அச்சிட்டிருந்தன. நெட்வொர்க் அறையில் 187, கம்பத்தில் 279. நீளம் 92 மீட்டர். 24 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் அளவு; எண் கூடினால் கம்பி மெலியும்) செம்புக் கம்பிக்கு 20 டிகிரியில் மீட்டருக்கு 0.084 ஓம். போவதற்கு இரண்டு கம்பி, வருவதற்கு இரண்டு கம்பி. இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடுவதால், போகவரக் கணக்கு ஒற்றைக் கம்பி ஒருவழிக்கு எவ்வளவோ அவ்வளவே வரும். 92 மீட்டருக்கு 7.7 ஓம். காலைச் சூட்டுக்குக் கொஞ்சம் கூட்டினால் 8. எங்களிடம் இருந்தது 12.4. ஒன்றரை மடங்கு.

மோசமான கிரிம்ப், அதாவது கம்பியைப் பிளக்கில் அழுத்திப் பொருத்திய இணைப்பு, ஒன்று வழியில் இருந்தாலும் இப்படிக் காட்டலாம் என்பதால், நாலு கம்பியையும் தனித்தனியாக அளந்தோம். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. இணைப்பில் கோளாறு என்றால் ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நாலும் ஒழுங்காக ஒன்றரை மடங்கு என்றால், குற்றவாளி கம்பியேதான்.

கத்தியால் ஒரு சுரண்டல்

கேபிளின் முனையில் ஒரு சாண் வெட்டி எடுத்து, ஒரு கம்பியின் பிளாஸ்டிக்கை உரித்தேன். பளபளவென்று செம்பு நிறம். கத்தியின் முனையால் மெதுவாகச் சுரண்டினேன். இரண்டாவது சுரண்டலில் வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தது. வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், சாம்பல் வட்டத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு ஒன்று. செம்பு பூசிய அலுமினியம். உறையில் கேட் 5இ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது; உள்ளே என்ன உலோகம் என்பதைப் பற்றி மூச்சில்லை. கேட் 5இ தரம் முழுச் செம்பைத்தான் கேட்கிறது. ஆகவே அந்த அச்சே ஒரு பொய்.

இந்தக் கேபிள் எப்படி ஐந்து வாரம் எல்லோரையும் ஏமாற்றியது? டேட்டா நன்றாகப் போனதால்தான். லிங்க் விளக்கு பச்சை, 100 மெகாபிட், பிழைகள் பூஜ்யம். அதிர்வெண் ஏறும்போது கரண்ட் கம்பியின் மேல்தோலோடு ஒட்டி ஓடும் சுபாவம் கொண்டது. 30 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் வெறும் 12 மைக்ரோமீட்டர். செம்புப் பூச்சும் ஏறத்தாழ அந்தத் தடிமன்தான். ஆகவே டேட்டாவுக்கு இது செம்புக் கம்பி. பவருக்கு ஓடும் டிசி கரண்ட்டோ முழுக் குறுக்குவெட்டையும் பயன்படுத்துகிறது. அதற்கு இது அலுமினியக் கம்பி. ஒரே கம்பி இரண்டு பேருக்கு இரண்டு முகம் காட்டுகிறது. கேபிள் டெஸ்டரில் டேட்டா சோதனை மட்டும் பார்த்துவிட்டு "கேபிள் ஓகே" என்று எழுதிக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒரு முகத்தை மட்டும் பார்த்தார்.

ஏன் மங்காமல் விழுகிறது

தடை அதிகம், வோல்டேஜ் குறைகிறது, சரி. ஆனால் ரேடியோவின் லேபிளில் 10 முதல் 28 வோல்ட் வரை ஏற்கும் என்று போட்டிருக்கிறது. 19 வோல்ட் கிடைத்தால் போதாதா? இந்தக் கேள்வியைத் தம்பி கேட்டான். சரியான கேள்வி.

பழைய குண்டு பல்பு என்றால் வோல்டேஜ் குறையக் குறைய மங்கும், கரண்ட்டும் குறையும். ரேடியோவின் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அப்படி இல்லை. அதற்கு வேண்டியது இத்தனை வாட். வோல்டேஜ் குறைந்தால் அந்த வாட்டை எட்டுவதற்குக் கூடுதல் கரண்ட்டை இழுக்கும். கூடுதல் கரண்ட் ஓடினால் கேபிளில் இன்னும் வோல்டேஜ் தொலையும். அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் இழுக்கும். கடனைக் கட்டக் கடன் வாங்கும் கதை.

எண்ணில் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது இந்த ரேடியோ 6 வாட் கேட்கும். 12 ஓம் கேபிளில் 0.29 ஆம்பியர் ஓடி, மேலே 20.5 வோல்ட் நிற்கும். பிரச்சினையே இல்லை. டிராஃபிக் முழு மூச்சில் ஓடினால் 11 வாட். அப்போது 0.71 ஆம்பியர், மேலே 15.5 வோல்ட்தான், கேபிளிலேயே 6 வாட் சூடாக வீணாகிறது. தேவை இரு மடங்குகூட ஆகவில்லை, இழப்போ 1 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு ஏறிவிட்டது. 12 வாட் கேட்டால் சரியாக 1 ஆம்பியர். பாதி வோல்டேஜ் கேபிளில், பாதி மேலே. அதோடு எல்லை முடிந்தது. அதற்கு மேல் என்ன இழுத்தாலும் கிடைக்காது. மூல வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, தடையின் நாலு மடங்கால் வகுத்தால் வருவது அந்த எல்லை: 24 × 24 வகுத்தல் 48, அதாவது 12 வாட். இன்ஜெக்டரில் 2 ஆம்பியர் என்ன, 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் இந்த எண் அசையாது.

இப்போது வெயிலைச் சேர்ப்போம். செம்போ அலுமினியமோ, ஒரு டிகிரி ஏறினால் தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். மதியம் 2 மணிக்குக் கூரையில் கிடந்த கேபிளின் உறையில் வெப்பமானி 60-ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் மறுபடி அளந்தோம்: 13.9 ஓம். எல்லையைக் கணக்கிட்டால் 10.4 வாட். ரேடியோ கேட்பது 11. காலை 12.4 ஓமுக்கு எல்லை 11.6 வாட், அதனால் நூலிழையில் தப்பிக்கிறது. நோட்டில் எழுதியிருந்த அத்தனை வரியும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் அடங்கிவிட்டன. வெயில் எல்லையை இறக்குகிறது, டிராஃபிக் தேவையை ஏற்றுகிறது, இரண்டும் உரசும் இடத்தில் ரேடியோ விழுகிறது. எழுந்ததும் காத்திருந்த டிராஃபிக் மொத்தமாக மேலே பாய, திரும்ப விழுகிறது.

கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்: இதே 92 மீட்டருக்கு முழுச் செம்புக் கேபிள் போட்டிருந்தால், அதே கூரை வெயிலில் 9 ஓம். எல்லை 16 வாட், 11 வாட்டில் மேலே 18.7 வோல்ட். யாருக்கும் எதுவும் தெரிந்தே இருக்காது.

சரிசெய்த விதம்

கேபிளை மாற்ற ஆள், ஏணி, அனுமதி எல்லாம் சேர ஒரு வாரம் ஆகும். அதுவரை லாரிகளை நிறுத்தி வைக்க முடியாது. தம்பி சொன்னான், 48 வோல்ட் இன்ஜெக்டர் ஒன்று வண்டியில் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் என்ன என்று. பாதி சரி. வோல்டேஜை ஏற்றுவதுதான் வழி. இரட்டிப்பானால் அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி, கேபிளில் இழப்பு கால். ஆனால் 28 வோல்ட் உச்சம் என்று எழுதிய ரேடியோவில் 48-ஐ நேராகக் கொடுத்தால், ஒரு சின்ன வாசம் வரும், அப்புறம் ரேடியோ இருக்காது. பேசிவ் பி.ஓ.இ.யின் ஆபத்தே இதுதான். எதிர்முனையில் யார் என்று விசாரிக்காது, செருகிய நொடியில் கரண்ட் பாயும்.

தரப்படுத்திய பி.ஓ.இ. முதலில் விசாரிக்கும். 2003-ல் வந்த 802.3 ஏஎஃப் ஆகட்டும், 2009-ன் ஏடி ஆகட்டும், சின்ன வோல்டேஜை அனுப்பி, எதிரே 25 கிலோ ஓம் அடையாளத் தடை தெரிந்தால்தான் முழு வோல்டேஜைத் திறக்கும். ஆகவே கீழே ஒரு ஏடி இன்ஜெக்டர், மேலே கம்பத்துப் பெட்டியில் அதை வாங்கி 24 வோல்ட்டாக இறக்கித் தரும் ஒரு கன்வெர்ட்டர். 48 என்று பேச்சுக்குச் சொன்னாலும் அந்த இன்ஜெக்டர் தந்தது 54 வோல்ட். கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து மேலே 13 வாட் தேவை. அதே கேபிள், அதே மதிய வெயில், 13.9 ஓம்: 0.26 ஆம்பியர், மேலே 50.4 வோல்ட், கேபிளில் வீணானது 1 வாட்டுக்கும் கீழே. அன்று மதியம் வேண்டுமென்றே பெரிய ஃபைல்களை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விழவில்லை.

இது ஒட்டுப்போட்ட வேலை என்பதை அவர்களிடம் எழுத்திலேயே கொடுத்தேன். ஏடி தரத்தில் கேபிளின் போகவரத் தடை 12.5 ஓமுக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது மதியத்தில் அதைத் தாண்டுகிறது. ஏடி தரும் முழு 25.5 வாட்டை நாங்கள் இழுக்காததால்தான் ஓடுகிறது. அதைவிட, அலுமினியத்தைக் கிரிம்ப் செய்த இடம் எனக்குப் பயம். காற்றும் ஈரமும் பட்டால் மேலே ஆக்சைடு படியும், வளைத்தால் கம்பி ஒடியும். இன்று 13.9 ஓம் காட்டுவது அடுத்த மழைக்குப் பிறகு என்ன காட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பத்து நாள் கழித்துக் கேபிளை மாற்றினோம். வெளிப்புறத்துக்கான உறை, 23 ஏடபிள்யூஜி முழுச் செம்பு. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை கத்திச் சுரண்டல்தான். கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். தகரக் கூரையின் மேல் போடாமல், கூரையின் விளிம்புக்குக் கீழே நிழல் சுவரோரமாகக் கொண்டுபோனோம். ஐந்து மீட்டர் கூடி 97 ஆனது. தடை 6.6 ஓம். இனி பழைய 24 வோல்ட்டே தாராளமாகப் போதும். ஆனாலும் 54 வோல்ட்டையும் கன்வெர்ட்டரையும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பெட்டி கூடுதல் என்பது கூடுதல் கோளாறு என்ற கட்சிக்காரன்தான் நான், ஆனால் அந்தக் கம்பத்தில் ஒரு கேமராவும் வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கம்பம்

லிங்க் நின்று ஓடியதும், வளாகத்தின் பின்கோடியில் இன்னொரு கம்பம் வேண்டும் என்றார்கள். கேபிள் தூரம் 180 மீட்டர். "வோல்டேஜை ஏத்தினா போயிடுமே சார்" என்றார் பொறுப்பாளர். பவர் போய்விடும். டேட்டா போகாது. ஈதர்நெட்டின் 100 மீட்டர் எல்லை சிக்னலுக்கானது. வோல்டேஜை ஏற்றுவதால் அது நீளாது.

நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் போடலாம். பி.ஓ.இ.யிலேயே உயிர் வாழ்ந்து, சிக்னலைப் புதுப்பித்து அடுத்த 100 மீட்டருக்குத் தள்ளும். வேலை செய்யும், தானும் கொஞ்சம் வாட் தின்னும். எனக்குப் பிடிக்காதது அது இருக்கப்போகும் இடம்: வெட்டவெளியில், ஏணி வைத்து ஏற வேண்டிய ஒரு மூலையில், கெட்டால் யாருக்கும் நினைவில் இல்லாத பெட்டி.

ஆகவே டேட்டாவையும் பவரையும் பிரித்தோம். டேட்டாவுக்கு ஃபைபர். பவருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர் செம்புக் கேபிள், அதே 54 வோல்ட் டிசி, கீழே ஒரு ஃப்யூஸ். 24 ஏடபிள்யூஜி கம்பியின் குறுக்குவெட்டு வெறும் 0.2 சதுர மில்லிமீட்டர் என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும். 180 மீட்டர் போகவர 4.4 ஓம்கூட இல்லை. ரேடியோ, ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 18 வாட்; மேலே 52.5 வோல்ட். 60 வோல்ட் டிசிக்குள் இருப்பதால் தொடும் ஆபத்தும் குறைவு. பி.ஓ.இ. தரமும் 57-லேயே நின்றுகொள்வது இதை ஒட்டித்தான். ஃபைபரில் உலோகம் இல்லாததால், இடி இறங்கினால் ஸ்விட்ச் வரை ஓடிவரும் பாதை ஒன்று குறைந்தது. பவர்க் கேபிள் இன்னும் உலோகம்தான் என்பதால் அதன் இரு முனையிலும் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டு எர்த் செய்தோம்.

இரண்டு கம்பத்துப் பெட்டிகளின் கதவின் உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கேபிளின் நீளம், காலை அளந்த ஓம், மதியம் அளந்த ஓம், டிராஃபிக் முழுதாக ஓடும்போது மேலே நிற்கும் வோல்டேஜ். முதல் கம்பத்துத் தாளில் கடைசி வரி 52.4. அதன் கீழே தம்பி தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறான்: "லோடோட அளந்தது."